ஆச்சி பிறந்த தேதி யாருக்கும் தெரியவில்லை

பொருநைக்கரை:
போன வாரம் புதன்கிழமை விடியற்காலம் எங்கள் ஆச்சி தவறிவிட்டாள். அம்மாவைப் பெற்ற ஆச்சி. அம்பாசமுத்திரம் பக்கத்தில், வயலும் வாய்க்காலுமாக இருக்கிற ஒரு சின்ன ஊர். கிடையில் விழுந்து கஷ்டப்படவில்லை. முதல்நாள் ராத்திரி இரண்டு இட்லி சாப்பிட்டு, கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுப் படுத்தவள்தான். எல்லாரும் கல்யாணச் சாவு என்றார்கள். கொட்டு வைத்து, பேரன் பேத்தி பதினோரு பேரும் நெய்ப்பந்தம் பிடித்து அனுப்பி வைத்தோம்.

இப்போது பிரச்சனை என்னவென்றால், பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் படம் போட்ட அட்டை அடிக்க மாமா அச்சுக்கடைக்குப் போயிருக்கிறார். தோற்றம் என்ன தேதி, மறைவு என்ன தேதி என்று கேட்டிருக்கிறார்கள். மறைவு தெரியும். தோற்றம்? ஆதாரில் 01-01-1950 என்று இருக்கிறது. மாமாவே 1962இல் பிறந்தவர், அப்படியென்றால் ஆச்சி பன்னிரண்டு வயதில் பிள்ளை பெற்றாளா? ரேஷன் கார்டில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் இன்னொரு வயது. மாமா கடையிலிருந்தே எனக்குப் போன் போட்டு, "ஏம்மா, நீதான் படிச்ச பிள்ள, ஒரு தேதி சொல்லு, போட்டுருவோம்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இத்தனை வருஷம் அவள் மடியிலேயே கிடந்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் கேட்டதில்லையே.

ஏதோ ஒரு தேதியைப் போட எனக்கு மனசு வரவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வயது எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சொல்லுங்கள். ஆச்சியைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டும் போல இருக்கிறது, அதனால்தான் இங்கே வந்தேன்.

தென்காசிச் சாரல்:
மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் சகோதரி. ஜனவரி 1 எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். எங்கள் தாத்தா, பெரிய தாத்தா, அவர் மச்சினர், மூன்று பேருக்கும் ஆதாரில் ஒரே நாள்தான் பிறந்தநாள். தேதி தெரியாதவர்களுக்கு வருஷத்தை மட்டும் கேட்டு அப்படிப் பதிந்துவிட்டார்கள்.

தேதியைத் தேடாதீர்கள், சம்பவத்தைத் தேடுங்கள். அந்தக் காலத்துப் பெண்கள் வருஷத்தை எண்ணாகச் சொல்ல மாட்டார்கள், வெள்ளம், பஞ்சம், யாராவது தலைவர் இறந்தது, அப்படித்தான் சொல்வார்கள். ஆச்சி பேச்சுவாக்கில் என்னென்ன சொல்லியிருக்கிறாள் என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்டுப் பாருங்கள். எங்கள் பாட்டி வயதை 1964 டிசம்பர் புயலை வைத்துத்தான் பிடித்தோம். தனுஷ்கோடி அழிந்த செய்தி வந்தபோது எங்கள் அப்பா கைப்பிள்ளை என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது.

பொருநைக்கரை:
நேற்று முழுக்கப் போன்தான். பெரியம்மா, அம்மா, சித்தி, பக்கத்து வளவில் இருக்கிற ஆச்சியின் சேக்காளி ஒரு பாட்டி (அவளுக்கும் வயது தெரியாது, "உங்க ஆச்சிக்கு நான் ரெண்டு வயசு எளைய" என்று மட்டும் சொன்னாள்). கிடைத்தது இவ்வளவு.

ஒன்று, ஆச்சி சின்னப் பிள்ளையாக மணிமுத்தாறு அணை கட்டும்போது மண் சுமந்திருக்கிறாள். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும், அணைக்குக் கூட்டிப்போனால் "அந்தா அந்த ஓரம் பூராவும் நான் போட்ட மண்ணு" என்று கை காட்டுவாள். சின்ன வயதில் நான் மொத்த அணையையும் ஆச்சி ஒருத்திதான் கட்டினாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன், பள்ளிக்கூடத்தில் சொல்லியும் இருக்கிறேன்.

இரண்டாவது, பெரியம்மா சொன்னது. "புதுக்காசு வந்த வருசம்தான் நான் சமைஞ்சேன், சடங்குக்கு வந்தவங்க மொய்க்குப் போட்ட சில்லறையில பாதி அணா, பாதி புதுக்காசு, எங்கய்யா எண்ண முடியாம முழிச்சாரு" என்று ஆச்சி சொல்வாளாம். சமைந்த பிறகு அணை வேலைக்கு அனுப்பவில்லையாம்.

மூன்றாவது, அவள் ஆடி மாதத்துப் பிள்ளை. காரையாறு சொரிமுத்தையனார் கோவிலுக்கு ஆடி அமாவாசைக்கு ஊரே வண்டி கட்டிப் போனபோது அவளுடைய அம்மா மட்டும் நிறைமாதம் என்று வீட்டில் இருந்தாளாம், எல்லாரும் திரும்பி வரும்போது பிள்ளை பிறந்திருந்ததாம்.

பழைய கணக்கு:
அம்மா, இது போதும். புதுக்காசு என்றால் நயா பைசா. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி வந்தது. அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா, பிறகு நூறு பைசா. கொஞ்ச காலம் இரண்டு காசும் சேர்ந்தே புழங்கியது, ஆகவே மொய்ப்பணம் கலந்து வந்தது சரிதான். மணிமுத்தாறு அணை 1958இல் முடிந்தது, மண்வேலை அதற்கு முன்பே நடந்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகின்றன. சமைந்தபோது பதின்மூன்று வயது என்று வைத்தால் பிறந்தது 1943 அல்லது 1944. மாமா பிறந்தபோது ஆச்சிக்குப் பதினெட்டு. சரியாக இருக்கிறது.

ஆடி மாதம் என்பதையும் சேர்த்தால், "1944 ஆடி" என்று துணிந்து போடலாம்.

பொருநைக்கரை:
ஐயா, இதைப் படித்துவிட்டு ஆபீஸில் இருந்தபடியே அழுதேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஆச்சியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன் அல்லவா. தாத்தா இறந்தது காமராஜர் போன வருஷம், அதாவது 1975. ஆச்சிக்கு முப்பத்தொன்று. நாலு பிள்ளைகள். மாமாவுக்குப் பதின்மூன்று, பெரியம்மாவுக்குப் பத்து, அம்மாவுக்கு ஏழு, சித்திக்கு நாலு. வயல் கிடையாது. நடவு, களை, அறுப்பு என்று வருஷத்தில் பாதி நாள்தான் வேலை. அப்போது எங்கள் பக்கம் எல்லா ஊரிலும் பீடிக்கடை வந்துவிட்டது, அம்பாசமுத்திரம், முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் பெண்கள் மடியில் சொளவு (முறம்) இருக்கும். ஆச்சி பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பத்து நாளில் பழகிக்கொண்டாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடையில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை, இவ்வளவு தூள் என்று நிறுத்துக் கொடுப்பார்கள். இலை மத்தியப் பிரதேசம், ஒடிசா பக்கக் காடுகளில் இருந்து வருவது. அதைத் தண்ணீரில் நனைத்து, ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால் மறுநாள் பதமாக இருக்கும். ஒரு தகரத் துண்டை அளவுக்கு வைத்து இலையை வெட்டணும், நரம்பு தடித்த இடத்தைத் தள்ளணும், தூளை வைத்துச் சுருட்டி, ஒரு முனையை மடக்கி, நூல் கட்டணும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். கொடுத்த இலை ஓட்டையும் கிழிசலுமாக இருந்தாலும் ஆயிரம் வந்தாகணும், குறைந்தால் கைக்காசு போட்டு இலை வாங்கணும். கடைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒருவர் கட்டைப் பிரித்துப் பார்த்து, இது தளர்வு, இது குட்டை என்று கழித்துப் போடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்பி வராது. எந்தக் கடை என்று சொல்ல வேண்டாம், அந்த ஆளும் இப்போது இல்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பி வந்து ஆச்சி ஒன்றுமே பேசாமல் அங்கணத்தில் ரொம்ப நேரம் கை கழுவுவாள் என்று அம்மா சொல்வாள். இத்தனைக்கும் அவள் பீடியைக் கையில் எடுத்தால் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கும், அச்சில் வார்த்த மாதிரி.

காலையில் நாலரைக்கு எழுந்தால் பத்துப் பாத்திரம், வாசல், தண்ணீர், சோறு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் தார்சாவில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை. முதுகைச் சுவரில் சாய்க்க மாட்டாள், சாய்ந்தால் தூக்கம் வரும் என்று. ரேடியோ பாடும், பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள், ஊர்க்கதை பூராவும் அங்கேதான். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசாதவள், சிரித்த முகத்தைத் தவிர வேறு முகம் நான் பார்த்ததில்லை.

குற்றாலத் தூறல்:
அக்கா, நான்தான், சித்தி மகன். அம்மா இந்த இழையை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், அதனால் வந்தேன்.

நீ எழுதினது எல்லாம் சரி, கடைசி வரி மட்டும் சரியில்லை. ஆச்சி உன்னிடம் சிரித்தாள். எங்கள் அம்மாவிடம் நாலு வருஷம் பேசவே இல்லை. 1993இல் அம்மா அப்பாவை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள், நம் ஆட்கள் இல்லை என்று ஆச்சி வாசல்படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாள். மாமா சமாதானம் பேசியும் கேட்கவில்லை. தென்காசிக்கும் ஊருக்கும் எவ்வளவு தூரம், அந்த நாலு வருஷத்தில் ஒரு தீபாவளி, ஒரு பொங்கல் கிடையாது. அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லி அழுவாள். நான் ஆச்சி மேல் உயிரையே வைத்திருந்தேன், அது உனக்குத் தெரியும். ஆனால் எழுதினால் முழுசாக எழுது. கோபக்காரி அவள். அந்தக் கோபம் இல்லையென்றால் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த ஊரில் நிமிர்ந்து நடந்திருக்க முடியாது.

பொருநைக்கரை:
தம்பி, நீ சொல்வது சரி. அந்த வரியை நான் அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும், உன் பதிலும் கீழேயே இருக்கட்டும். எனக்கு அது ஏதோ தெரியும், ஆனால் நாலு வருஷம் என்று தெரியாது.

வேப்பமரத்தடி:
துக்க வீட்டில் இதைக் கேட்கலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். யாரையும் புண்படுத்த இல்லை. எங்கள் அப்பா ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி குடித்தவர். ஐம்பத்திரண்டு வயதில் நுரையீரல் புற்றுநோயில் போனார். கடைசி மூன்று மாதம் நான் கூடவே இருந்தேன். அதனால் பீடி என்ற சொல்லைப் பெருமையோடு சேர்த்துப் படிக்கும்போது எனக்குள் ஏதோ செய்கிறது. உங்கள் ஆச்சியைத் தப்புச் சொல்லவில்லை. இந்த இரண்டையும் எப்படி ஒன்றாக மனதில் வைத்துக்கொள்வது என்றுதான் கேட்கிறேன்.

பொருநைக்கரை:
நீங்கள் கேட்டது தப்பே இல்லை. ஆச்சியே இதை யோசித்திருக்கிறாள். மாமா பதினேழு வயதில் ஒளிந்து பீடி குடித்ததைப் பார்த்துவிட்டு, அடிக்கவில்லையாம், சொளவைக் கீழே வைத்துவிட்டு, "நான் சுத்துறது உன் வயித்துக்குலே, உன் நெஞ்சுக்கு இல்ல" என்றாளாம். மாமா அன்றோடு விட்டார். எங்கள் யாரையும் தூள் இருக்கிற பக்கம் விட மாட்டாள், கை கழுவாமல் தொட மாட்டாள். ஆனாலும் அந்த வாடை வீடு முழுக்க இருக்கும், சேலை, தலையணை, நாங்கள் படுக்கிற பாய் எல்லாவற்றிலும். கடைசிப் பத்து வருஷம் விடாத இருமல், டாக்டர் புகை பிடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார். வாழ்நாளில் ஒன்றுகூடக் குடிக்காதவள், தூளை மூச்சில் இழுத்தே அப்படி.

அப்புறம் பெரியம்மா. இதை எழுத அவளிடமே அனுமதி கேட்டேன். தாத்தா இறந்தபோது பெரியம்மா ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள், நன்றாகப் படிப்பாளாம். பதினாறாம் நாள் முடிந்த மறுவாரம் ஆச்சி அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாள். ஆச்சி சுருட்ட, பெரியம்மா முனை மடக்கி நூல் கட்டுவாள், அப்போதுதான் நாள் ஒன்றுக்கு ஆயிரம் எட்டும். அந்த ஆயிரத்தில்தான் எங்கள் அம்மா பத்தாவது முடித்தாள், டீச்சர் டிரெய்னிங் போனாள், அதனால்தான் நான் இன்றைக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் இந்த இரண்டு பேர் விரல்.

1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி வேலையைத் தடை செய்த வேலைகளில் சேர்த்தது, ஆனால் வீட்டுக்குள் குடும்பத்தோடு செய்தால் அப்போது அது பொருந்தவில்லை. பெரியம்மாவுக்கு அதுவும் பதினோரு வருஷம் பிந்தி வந்த சட்டம்.

போனில் பெரியம்மாவிடம், ஆச்சி மேல் உனக்குக் கோபம் இல்லையா என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள், "இருக்கு. இன்னும் இருக்கு. ஆனா அவ செத்த அன்னைக்குக் கைய எடுத்து வச்சுப் பாத்தேன், வலக்கை கட்டைவிரல் நகம் பாதி தேஞ்சு கிடந்துச்சு. எனக்கும் அப்படித்தான் இருக்கு."

வேப்பமரத்தடி:
பதிலுக்கு நன்றி அம்மா. இதற்கு மேல் நான் என்ன சொல்ல. உங்கள் பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மேலப்பாளையத்து மகள்:
எங்கள் நன்னியும் பீடி சுற்றியவர்தான். உம்மாவுடைய உம்மா. எங்கள் ஊரில் எத்தனையோ பெண்கள் வெளியே வேலைக்குப் போக முடியாத காலத்தில் வீட்டுக்குள் இருந்தபடியே சம்பாதிக்க இது ஒன்றுதான் இருந்தது. நோன்பு மாதத்தில் எச்சில்கூட விழுங்காமல் அந்தத் தூள் வாடையில் உட்கார்ந்து சுற்றுவார், சஹருக்கு (நோன்பு தொடங்கும் முன் விடியற்காலச் சாப்பாட்டுக்கு) எழுந்தால் அப்படியே இலை வெட்ட உட்கார்ந்துவிடுவார். எங்கள் காலேஜ் பீஸ் கட்டும் நாளில் நன்னி ஒரு டப்பாவைத் திறந்து, நூல் போட்டுக் கட்டின நோட்டுக் கட்டை எடுப்பார். இருபத்தைந்து இருபத்தைந்து நோட்டாக. பணத்தையும் அவர் பீடி மாதிரிதான் கட்டி வைத்திருந்தார்.

உங்கள் ஆச்சிக்கு அல்லாஹ் நல்ல இடம் தரட்டும்.

பழைய கணக்கு:
ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஆச்சிக்கு பி.எப். பென்ஷன் வந்ததா? நான் நாற்பது வருஷம் இந்தக் கணக்குகளோடு இருந்தவன், கேட்காமல் இருக்க முடியவில்லை.

பொருநைக்கரை:
வந்தது ஐயா, ஆனால் அதில்தான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனக்குறை. முதல் பதினைந்து வருஷம் ஆச்சியின் பெயரில் பாஸ்புக்கே கிடையாது. கடையில் தொழிலாளி என்று பதிந்து தரும் கார்டு இத்தனைதான் தருவோம் என்று சொல்லி, கார்டு இருக்கிற இன்னொரு பெண்ணின் பெயரில் பீடியைப் போடச் சொல்லிவிட்டார்கள். கூலி ஆச்சி கைக்கு வரும், அதிலும் கொஞ்சம் குறையும், கணக்கு அந்தப் பெண் பெயரில் ஏறும். அந்தப் பெண்ணையும் குறை சொல்ல முடியாது, அவளும் ஏழைதான். 1991 வாக்கில்தான் சொந்தக் கார்டு வந்தது. ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் கணக்குப் பார்த்து, சில நூறு ரூபாய் பென்ஷன். பிறகு ஆயிரமாக ஆனது.

அந்தப் பாஸ்புக்கை ஆச்சி எப்படி வைத்திருந்தாள் தெரியுமா? 2023 டிசம்பரில் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மாமா ஆச்சியைத் தூக்கப் போனால், நகைப் பெட்டியைக் காட்டவில்லை, அடுக்குப்பானைக்கு மேலே இருந்த மஞ்சள் பையைக் காட்டினாள். அதில் பாஸ்புக், கத்தரி, தாத்தா போட்டோ. எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் அந்தப் புத்தகத்தில் தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியும், விரலை வைத்துக் காட்டுவாள்.

பழைய கணக்கு:
இது உங்கள் ஆச்சிக்கு மட்டும் நடந்தது அல்ல, ஏராளமான பெண்களுக்கு நடந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன். பீடித் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் 1966இல் வந்தது. வருங்கால வைப்பு நிதிக்குள் பீடித் தொழில் 1977இல் சேர்ந்தது. அப்போது முதலாளிகள், வீட்டில் இருந்து சுற்றும் பெண்கள் எங்கள் தொழிலாளர்களே இல்லை, நாங்கள் அவர்களை மேற்பார்வை பார்ப்பதில்லை என்று வழக்குப் போட்டார்கள். 1985இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. சரியில்லை என்று பீடியைக் கழித்துப்போடும் உரிமை உங்களிடம் இருக்கிறதே, அதுவே மேற்பார்வைதான் என்று சொன்னது. உங்கள் ஆச்சி ரொம்ப நேரம் கை கழுவினாளே, அந்தக் கழிவுதான் கடைசியில் அவளைத் தொழிலாளி என்று நிரூபித்தது. இதைப் படித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

குறைந்தபட்சப் பென்ஷன் ஆயிரம் ரூபாய் என்று ஆனது 2014 செப்டம்பரில். இன்றைக்கும் அதே ஆயிரம்தான், அது வேறு வருத்தம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1975 முதல் எப்போது வரை சுற்றினாள்?

பொருநைக்கரை:
கண் மங்கும் வரை. 2010 வாக்கில் மாமா கட்டாயமாக நிறுத்தினார்.

பழைய கணக்கு:
முப்பத்தைந்து வருஷம். வருஷத்துக்கு முந்நூறு நாள், நாளுக்கு எழுநூறு என்று குறைத்தே வைத்தாலும் எழுபத்து மூன்றரை லட்சம் பீடி. அவள் கையால்.

மூடுபனி:
நான் மணிமுத்தாறுக்கு மேலே மலையில் இருக்கிற மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவன். எங்கள் பாட்டி தேயிலை பறித்தவள். உங்கள் ஆச்சி மணிமுத்தாறு அணையில் மண் சுமந்தாள் என்று படித்ததும் எழுதத் தோன்றியது, ஏனென்றால் அந்த அணையைத் தாண்டித்தான் நாங்கள் மலை ஏறுவோம். பாட்டிக்குக் கூடை எடை மட்டும்தான் வாழ்நாள் கணக்கு. 1999 ஜூலை 23ஆம் தேதி மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டி, தாமிரபரணிக் கரையில் 17 பேர் இறந்தார்களே, அன்றைக்குப் பாட்டி ஊர்வலத்துக்குப் போய், ராத்திரி வெகுநேரம் கழித்து ஈரச்சேலையோடு வீடு வந்தாள். என்ன நடந்தது என்று கடைசி வரை எங்களிடம் சொல்லவே இல்லை. 2024இல் எஸ்டேட்டை விட்டு எல்லாரையும் இறங்கச் சொன்னபோது அவள் உயிரோடு இல்லை. நாங்கள் சாமான் ஏற்றும்போது அவள் நட்டு வளர்த்த கொய்யா மரத்திலிருந்து நாலு காய் பறித்துக்கொண்டு வந்தோம்.

உங்கள் ஆச்சி பெயரில் பாஸ்புக்காவது மிஞ்சியிருக்கிறது, பத்திரமாக வையுங்கள்.

குற்றாலத் தூறல்:
அக்கா, நேற்று அம்மாவோடு ராத்திரி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தேன். உன் இழையை வாசித்துக் காட்டினேன். எனக்கே தெரியாத ஒன்றைச் சொன்னாள். இங்கே எழுதச் சொன்னாள், அதனால் எழுதுகிறேன்.

அந்த நாலு வருஷமும் மாதம் ஒரு தடவை, எங்கள் தெரு முனையில் இருக்கிற கடையில் ஒரு பொட்டலம் வந்து கிடக்குமாம். அம்பாசமுத்திரத்திலிருந்து வரும் பஸ்ஸில் யாரோ கொடுத்து அனுப்பினார்கள் என்று கடைக்காரர் கொடுப்பார். உள்ளே இரண்டு வட்டுக் கருப்பட்டி, கொஞ்சம் கறுப்பு உளுந்து, சில மாதம் கூழ்வடகம். சீட்டு இல்லை, பெயர் இல்லை. அப்பா, மாமாதான் அனுப்புகிறார் என்று நினைத்திருக்கிறார். அம்மாவுக்கு முதல் பொட்டலத்திலேயே தெரிந்துவிட்டது. சணல் இல்லை, பீடி நூலால் கட்டியிருந்தது, கட்டை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே இழுத்து விடுகிற முடிச்சு. சின்ன வயதிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த முடிச்சு.

அம்மாவும் ஆச்சியிடம் அதைப் பற்றிக் கேட்டதே இல்லையாம். 1997இல் நான் பிறந்தபோது ஆச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தாள், ஒரு வார்த்தை பேசாமல் தூக்குவாளியைத் திறந்தாள். உள்ளே உளுந்தங்களி, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க. அம்மா சாப்பிட்டு முடிக்கும் வரை என்னை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்து, "மாப்ள, நீங்க சாப்ட்டீயளா" என்றாளாம். அவ்வளவுதான் சமாதானம்.

அம்மா அந்த நூல்களைத் தூக்கிப் போடவில்லை. ஒரு சின்ன உருண்டையாகச் சுற்றி வைத்திருக்கிறாள், நேற்றுத்தான் எனக்குக் காட்டினாள்.

தென்காசிச் சாரல்:
தம்பி, இதைப் படித்துவிட்டு எங்கள் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். காரணம் எதுவும் சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

உடன்குடிப் பனை:
எங்கள் பாட்டி பதனீர் காய்ச்சியே கையெல்லாம் சுட்ட தழும்பு. அந்தக் கருப்பட்டி எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து போனதாகக்கூட இருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன். ஒரு வேண்டுதல், ஆச்சி கையால் செய்யும் உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு அளவு தெரிந்தால் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பாட்டியோடு அதுவும் போய்விட்டது.

பொருநைக்கரை:
எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன், நேற்றோடு பதினாறு முடிந்தது.

அட்டையில் "தோற்றம்: 1944, ஆடி மாதம்" என்று போட்டோம். அச்சுக்கடையில் தேதி இல்லாமல் நன்றாக இருக்காது என்றார்களாம், மாமா, இதுதான் சரியான கணக்கு, இப்படியே போடுங்கள் என்று சொல்லிவிட்டார். படத்துக்குக் கீழே வழக்கமாகப் போடும் பாட்டு வேண்டாம் என்று பெரியம்மா சொன்னாள். அந்த இடத்தில் "மணிமுத்தாறு அணையில் மண் சுமந்தவர். முப்பத்தைந்து ஆண்டுகள் பீடி சுற்றி நான்கு பிள்ளைகளை வளர்த்தவர்" என்று இரண்டு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். "அவரோடு சேர்ந்து சுற்றிய மூத்த மகள்" என்று பெரியம்மா பெயர். பெரியம்மா அட்டையைக் கையில் வாங்கி, கண்ணாடி போட்டு, எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஐந்தாவதோடு நின்ற படிப்பு. படித்து முடித்துவிட்டு அடுப்பாங்கரைக்குப் போய்விட்டாள், நாங்களும் பின்னால் போகவில்லை.

கத்தரி பெரியம்மாவுக்கு, பாஸ்புக் மாமாவிடம். அளவுத் தகரத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இத்தனை நாள் கவனித்ததே இல்லை, அது ஒரு பவுடர் டப்பாவிலிருந்து வெட்டியது, பின்பக்கம் இன்னும் ஒரு பூவில் பாதி தெரிகிறது.

உடன்குடிப் பனை கேட்ட அளவு. ஒரு உழக்கு அரிசிக்கு அரை உழக்குத் தோல் உளுந்தம்பருப்பு. பருப்பை மட்டும் எண்ணெய் விடாமல் வாசம் வரும் வரை வறுக்கணும், கருகிவிடக் கூடாது. ஒரு முழுப் பூண்டை உரித்து அப்படியே போடணும், நறுக்கக் கூடாது. வெந்தயம் ஒரு சின்னக் கரண்டி, ஒரு மூடித் தேங்காய்த் துருவல், உப்பு. எல்லாவற்றையும் சேர்த்தே வேக விடுங்கள், சோறு கொஞ்சம் குழைவாக இருக்கணும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், ஆச்சி அதை அம்மியில்தான் அரைப்பாள். நேற்று விசேஷத்துக்கு சித்திதான் செய்தாள், இரண்டு படி அரிசிக்கு. மாமா ஒரு வாய் வைத்துவிட்டு உப்பு ஒரு கல் குறைகிறது என்றார். எங்கள் வீட்டில் அதை எப்போதும் ஆச்சிதான் சொல்வாள்.